எரிபொருள் கிலோமீட்டரில், தண்ணீர் நாட்களில்: ஒரு சிம்ப்சன் பாலைவனப் பயணத்தின் கணக்கு

1963 டிசம்பர் கடைசியில் ஆஸ்திரேலியாவின் பேர்ட்ஸ்வில் தடத்தில் ஒரு குடும்பம் முழுதாக இறந்துபோனது. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பெற்றோரும் மூன்று மகன்களும். மாரீ என்ற சிற்றூரிலிருந்து வடக்கே பேர்ட்ஸ்வில் வரை அந்தத் தடத்தின் நீளம் சுமார் 517 கி.மீ. வழி தவறிச் சுற்றியதில் பெட்ரோல் தீர்ந்தது. காரில் அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பில் இரண்டு தகவல்கள் இருந்தன: பெட்ரோல் இல்லை, தண்ணீர் இரண்டு நாளுக்குத்தான் வரும். பிறகு காரை விட்டு நடந்தார்கள். ஐந்து பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் "வண்டியை விட்டுப் போகக் கூடாது" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். சரிதான். ஆனால் திட்டம் போடுகிற ஆளுக்கு அந்தக் குறிப்பில் இன்னொன்றும் தெரிய வேண்டும். எரிபொருள் தீர்ந்த நிமிடத்தில் கிலோமீட்டர் கணக்கு முடிந்துபோகிறது. நாள் கணக்கு ஆரம்பிக்கிறது. அதுவரை "ஊர் போய்ச் சேரும் வரை போதும்" என்று இருந்த தண்ணீர், சட்டென்று "யாராவது நம்மைத் தேடி வரும் வரை போதுமா" என்று ஆகிவிடுகிறது. தண்ணீரைத் தூரத்தை வைத்து அளந்து எடுத்துப் போனவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்காது.

இதை ஒரு பயணத்தில் வைத்துப் பார்க்கலாம். எடுத்துக்கொள்வது சிம்ப்சன் பாலைவனம். மேற்கே மவுண்ட் டேரிலிருந்து கிழக்கே பேர்ட்ஸ்வில் வரை. டல்ஹவுசி ஊற்றுகள், பர்னி ஆழ்துளைக் கிணறு, அங்கிருந்து ஃபிரெஞ்ச் லைன், இரண்டு மாநிலங்களும் ஒரு பிரதேசமும் எல்லை கூடும் பொப்பெல் கார்னர், கடைசியில் பிக் ரெட் என்ற பெரிய மணல்மேடு. ஃபிரெஞ்ச் லைன் 1960களில் எண்ணெய் தேடி வந்த ஃபிரெஞ்சு நிறுவனத்துக்காகப் போட்ட நேர்கோட்டுப் பாதை. எண்ணெய் கிடைக்கவில்லை, பாதை மட்டும் மிஞ்சியது. மொத்தம் ஏறத்தாழ 500 கி.மீ.; நடுவில் எரிபொருள் எங்கேயும் கிடையாது. குறுக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள். வண்டிகள் இரண்டு, இரண்டும் டீசல். வண்டிக்கு இரண்டு பேர். காலம் ஜூலை. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயிலுக்காக அங்குள்ள தேசியப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள், அதனால் கோடை பற்றிய பேச்சுக்கே இடமில்லை. இது காகிதத்தில் போட்ட திட்டம். எண்களை உங்கள் வண்டிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

வழக்கமாகப் போடும் முதல் கணக்கு இப்படி இருக்கும். தூரம் 500. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 9 கி.மீ. தரும் வண்டி, சுமையோடு மணலில் 5 தரும். ஆக 100 லிட்டர். மணல்மேட்டில் ஏற முடியாமல் பின்வாங்கி மறுபடி முயல்வது, சுற்றுப்பாதை, இஞ்சின் நின்ற இடத்தில் ஓடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 20. டேங்கின் கொள்ளளவு 130. "போதுமே, அதற்கு மேல் இரண்டு கேன் வேறு இருக்கிறது" என்று திருப்தியாக எழுந்துவிடலாம். தண்ணீரும் அதே வேகத்தில் முடிந்துவிடும்: நாலு நாள் பயணம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், வண்டிக்கு 40 லிட்டர்.

பேர்ட்ஸ்வில் போய்ச் சேர்ந்துவிட்டால் இந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. சேராமல் போனால் என்ன என்பதை மட்டும் அது கேட்கவே இல்லை.

சேராமல் போவதற்கு இந்தப் பாதையில் தெளிவான ஒரு காரணம் இருக்கிறது, அதன் பெயர் அயர் க்ரீக். பொப்பெல் கார்னரைத் தாண்டி, பேர்ட்ஸ்வில்லுக்கு இன்னும் நூறு கி.மீ.க்குள்தான் என்கிற இடத்தில் இந்த ஓடை பாதையை வெட்டுகிறது. பெரும்பாலான காலம் வறண்டு கிடக்கும். ஆனால் இதற்கு நீர் வருவது ஜார்ஜினா ஆற்று வழியாக, வெகு தூரம் வடக்கே குவீன்ஸ்லாந்தில் பெய்யும் மழையிலிருந்து. வானம் நீலமாக இருக்கும், ஒரு துளி மழை கண்டிருக்க மாட்டீர்கள், முன்னால் ஓடை நிறைந்து நிற்கும். சில சமயம் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். வடக்கே சுற்றிப்போக ஒரு மாற்றுத் தடம் உண்டு. வெள்ளம் பெரிதானால் அதுவும் உதவாது.

இப்போது கேள்வி மாறுகிறது: எந்த இடம் வரை போய், மவுண்ட் டேருக்கே திரும்பி வர முடியும்? இதற்கு இன்னொரு எண் வேண்டும். சிம்ப்சனின் மணல்மேடுகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. மேற்குச் சரிவு சாய்வாக இருக்கும், கிழக்குச் சரிவு செங்குத்தாக இருக்கும். மேற்கிலிருந்து போகும்போது சாய்வில் ஏறிச் செங்குத்தில் இறங்குகிறோம். திரும்பி வந்தால் ஒவ்வொரு மேட்டையும் கடினமான பக்கத்திலிருந்து ஏற வேண்டும். அதனால் போகும்போது லிட்டருக்கு 5 என்றால், வரும்போது 4 என்று வைப்பதே நியாயம். போகும் ஒவ்வொரு நூறு கி.மீ.க்கும் 20 லிட்டர், அதையே திரும்பி வர 25, ஆக 45.

கையில் இருப்பது டேங்கில் 130, கேனில் 40, மொத்தம் 170. டேங்கின் அடியில் கிடக்கும் 10 லிட்டரை நம்ப வேண்டாம். சாய்ந்து நிற்கும் வண்டியில் அது பம்புக்கு எட்டாமல் போகலாம். மிச்சம் 160. அதில் 20-ஐத் தொடாத கையிருப்பாக ஒதுக்கினால் 140. அதை 45-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 311 கி.மீ. கிட்டத்தட்ட பொப்பெல் கார்னர் பக்கம் வந்து நிற்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் திரும்பி வருவது திட்டத்தில் இல்லை, பேர்ட்ஸ்வில் மட்டும்தான்.

தாண்டிப் போய், 400-வது கி.மீ. வாக்கில் ஓடையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தால்? அதுவரை 80 லிட்டர், தடுமாற்றங்களுக்கு ஒரு 10, ஆக 90 போயிருக்கும். கையிருப்பையும் சேர்த்து மிச்சம் 70. திரும்ப வேண்டியது 100. முப்பது லிட்டர் குறை. மாற்றுத் தடமும் மூடிக் கிடந்தால் செய்யக் கூடியது ஒன்றுதான்: அங்கேயே உட்கார்ந்து காத்திருப்பது. அதாவது டீசலில் விட்ட குறையைத் தண்ணீரால் அடைக்கிறோம். நாலு நாளுக்கு 40 லிட்டர் கொண்டு வந்தவர்கள் எத்தனை நாள் அடைப்பார்கள்?

இதற்குத் தீர்வு தேடும்போது, அதே 45-ஐ வைத்துத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். வண்டிக்கு இன்னும் இரண்டு கேன் ஏற்றினால் 140 என்பது 180 ஆகும். திரும்பும் கோடு சரியாக 400 கி.மீ.க்கு, ஓடையின் கரைக்கே நகர்ந்துவிடும். அதன் எடை டீசலுக்கு 34 கிலோ, இரும்புக் கேன்களுக்கு எட்டு, ஒன்பது கிலோ. மறுபக்கம், சாட்டிலைட் போனில் பேர்ட்ஸ்வில்லைக் கூப்பிட்டு "ஓடை எப்படி இருக்கிறது?" என்று கேட்பதற்கு எடையே கிடையாது. ஜார்ஜினாவில் வரும் வெள்ளம் மெதுவாக இறங்குவது, அதனால் செய்தி முன்கூட்டியே கிடைக்கும். என் கருத்தில், வடக்கே மழைச் செய்தி இல்லாத ஆண்டில் இரண்டு கேனும் ஒரு போனும் போதும். மவுண்ட் டேரில் ஒரு தடவை, பொப்பெல் கார்னரைத் தாண்டும் முன் ஒரு தடவை கேட்க வேண்டும். ஓடை ஓடுகிறது என்று தெரிந்தே கிளம்புகிறவர்களுக்கு நாலு கேன் கட்டாயம். "மூன்று எடுத்துப் போகலாமே" என்பது எனக்குப் பிடிக்காத சமரசம். எடையும் கூடுகிறது, கோடும் ஓடைக்கு எட்டவில்லை.

எரிபொருளை எங்கே வைக்கிறோம் என்பது எவ்வளவு வைக்கிறோம் என்பதற்குக் குறைந்த விஷயம் இல்லை. இரண்டில் ஒரு வண்டி பழுதாகி, நாலு பேரும் ஒரே வண்டியில் போக நேர்ந்தால், பழுதான வண்டியின் டீசல் வேண்டியிருக்கும். இன்றைய பல வண்டிகளில் டேங்கிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுக்க முடியாதபடி தடுப்பு இருக்கிறது. கேனில் இருப்பதைத்தான் கை மாற்ற முடியும். ஒரு வண்டி டீசல், மற்றது பெட்ரோல் என்று கூட்டுச் சேர்ந்தால் இதுவும் போச்சு. ஒருவர் எரிபொருள் இன்னொருவருக்கு உதவாது. இரண்டு வண்டி இருப்பதால் இரு மடங்கு பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்வார்கள், பாதிதான் இருக்கும்.

கூரை மேல் கேன் அடுக்குவதை நான் எதிர்ப்பேன். மணல்மேட்டில் பக்கவாட்டில் சாய்ந்தால் உயரத்தில் இருக்கும் எடை வண்டியைப் புரட்டப் பார்க்கும். பயணிகள் இருக்கும் அறைக்குள் வைப்பதோ அதைவிட மோசம், குறிப்பாகப் பெட்ரோல். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்து தேங்கும். வெயிலில் பெட்ரோல் விரிவதும் உண்டு: வெப்பநிலை 30 டிகிரி ஏறினால் 20 லிட்டர் கேனில் அரை லிட்டருக்கு மேல் கூடும், அதனால் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. நிரப்பும்போது கேன் தரையில் இருக்கட்டும், வண்டி மேல் வைத்து நிரப்பினால் நிலைமின்னூட்டத்தில் பொறி கிளம்பும் ஆபத்து இருக்கிறது.

கேனே ஏமாற்றிவிடவும் கூடும். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படை மெல்லிய தகர டின்களில் பெட்ரோல் கொண்டுபோனது; குலுக்கலில் ஓரங்கள் விட்டு ஒழுகி, கிளம்பிய அளவுக்கும் போய்ச் சேர்ந்த அளவுக்கும் பெரிய வித்தியாசம். எதிரியிடமிருந்து கைப்பற்றிய ஜெர்மன் 20 லிட்டர் கேன்களுக்கு அவ்வளவு கிராக்கி. 'ஜெர்ரி கேன்' என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். நம் கேன்கள் அந்த வகைதான், ஆனாலும் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து போயிருந்தால் கதை ஒன்றுதான். அதனால் ஒரு பழக்கம்: டேங்கில் 20 லிட்டருக்கு இடம் விழுந்ததும் முதல் கேனை ஊற்றிவிடுவது. எடை கீழே இறங்கிவிடும். கேன் ஒழுகியிருந்தால், இன்னும் திரும்பும் தூரத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும். அப்புறம், எவ்வளவு கி.மீ.க்கு 20 லிட்டர் போயிற்று என்ற உண்மையான எண் கிடைக்கும். டேஷ்போர்டு காட்டும் எண்ணை மணலில் நான் நம்ப மாட்டேன். அந்த எண் 5-க்குப் பதில் 4 என்று வந்தால் திரும்பும் கோட்டை அன்றைக்கே மறுபடி போட வேண்டும். போடுவதற்கு முன் டயரைப் பாருங்கள்: மணலுக்கு 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்காமல் சாலைக் காற்றிலேயே ஓட்டுகிறவர்களின் டீசல்தான் முதலில் தீரும்.

இனி தண்ணீர். இங்கே தூரத்தை மறந்துவிட வேண்டும். பயணம் நாலு நாள். மழை பெய்தால் மேடுகளுக்கு இடையே உள்ள களிமண் தரை சேறாகிவிடும், தடத்தை மூடிவிடுவார்கள், காயும் வரை ஓரிடத்தில் நிற்க வேண்டும். அதற்கு இரண்டு நாள். வண்டி முறிந்து, செய்தி போய், ஆள் வந்து சேர மூன்று நாள். ஆக ஒன்பது. ஓடும் நாட்களில் குடிக்க, சமைக்க, கொஞ்சம் கழுவ ஆளுக்கு 7 லிட்டர்; நிற்கும் நாட்களில் நிழலில் உட்கார்ந்து, கழுவுவதை நிறுத்தி, குளிர்காலத்தில் 5. இரண்டு பேருக்கு 56-உம் 50-உம் சேர்ந்து 106 லிட்டர். முதல் கணக்கில் வந்தது 40.

"தண்ணீர் குறைந்தால் சிக்கனமாகக் குடித்துக்கொள்ளலாம்" என்று சமாதானம் சொல்வார்கள். உடம்பு அதற்கு ஒத்துழைக்காது. போர்க்காலத்தில் அமெரிக்கப் பாலைவனங்களில் நடந்த உடலியல் ஆய்வுகள் காட்டியது இதுதான்: குறைவாகக் குடித்தால் வியர்வை அதற்கேற்பக் குறைவதில்லை. அந்த ஆய்வுகளிலிருந்து வந்த உயிர்பிழைப்பு அட்டவணை பயப்படுத்தும். நிழலில் பகல் உச்சம் 49 டிகிரி என்றால், நடக்காமல் படுத்தே கிடந்தாலும், தண்ணீரே இல்லாதவர் எதிர்பார்க்கக் கூடியது இரண்டு நாள். ஒரு லிட்டர் வைத்திருப்பவருக்கும் அதே இரண்டு நாள். ஒன்பதரை லிட்டர் வைத்திருந்தால்தான் மூன்றாகிறது. உச்சம் 38 டிகிரி என்றால் தண்ணீர் இல்லாமல் ஐந்து நாள், அதே ஒன்பதரை லிட்டரோடு ஒன்பதரை நாள். 1963-இல் அந்தக் குடும்பம் சிக்கியது டிசம்பரில். "இரண்டு நாளுக்குத் தண்ணீர்" என்பதை அந்த அட்டவணையோடு வைத்துப் பார்த்தால், நடந்து போய்த் தப்பிக்க அவர்களுக்கு வாய்ப்பு எவ்வளவு சிறியது என்பது புரியும்.

இதே பயணத்தை ஜூலைக்குப் பதில் அக்டோபர் கடைசியில் வைத்தால்? பகல் 40 டிகிரியைத் தொடும். புதைந்த வண்டியை மண்வெட்டியால் தோண்டும் ஆள் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பார். ஆளுக்கு 10 லிட்டர் வேண்டும். இது மிகையான எண் இல்லை. கடும் வெப்பத்தில் வேலை செய்யும் வீரர்களுக்கு அமெரிக்க ராணுவம் வைத்திருக்கும் நாள் உச்சவரம்பே சுமார் 11 லிட்டர்தான். வரம்பு எதற்கு என்றால், உப்பு இல்லாமல் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆளைச் சாய்க்கும். ஒன்பது நாள், இரண்டு பேர், 180 லிட்டர், அதாவது 180 கிலோ. அதோடு டீசல், ஆட்கள், கருவிகள், இரண்டாவது உதிரி டயர். எடை கூடக் கூட வண்டி புதையும், புதையப் புதைய டீசல் போகும், தோண்டத் தோண்டத் தண்ணீர் போகும். பல வண்டிகளில் இந்த இடத்தில் அனுமதித்த சுமை எல்லையும் முட்டிவிடும். அக்டோபர் கடைசியில் போகலாமா என்று கேட்பவரிடம் வாதாட வேண்டியதில்லை, இந்தப் பட்டியலைத் தராசில் வைக்கச் சொன்னால் போதும்.

வரைபடத்தில் நீலமாக இருப்பதை நம்பியும் சுமையைக் குறைக்கக் கூடாது. சிம்ப்சன் வரைபடத்தில் நீல நிறத் திட்டுகள் நிறைய இருக்கும். அவை உப்பு ஏரிகள். பர்னியில் வருவது ஆழத்திலிருந்து பொங்கும் வெந்நீர், தாது கலந்தது. பறவைகளுக்கு நல்லது, உங்கள் 106 லிட்டரில் அதற்கு இடமில்லை.

106 லிட்டரையும் ஒரே டேங்கில் ஊற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதிர்வில் குழாயின் திருகு கழன்று, இரவோடு இரவாக மணல் குடித்துவிட்டால் காலையில் தேநீருக்குக்கூட மிஞ்சாது. 60 லிட்டர் டேங்க் ஒன்று, மிச்சத்துக்குத் தனித்தனி 10 லிட்டர் கேன்கள் என்று பிரிப்பதே நல்லது. இரண்டு வண்டிக்கும் தனித்தனிப் பங்கு. மற்ற வண்டியில் இருக்கிறது என்பது உங்கள் கணக்கில் சேராது, மேடுகளுக்கு நடுவே பிரிந்துவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான். கனமான இந்தக் கேன்கள் வண்டியின் நடுவே, தாழ்வாக, கட்டப்பட்டு இருக்க வேண்டும். டீசல் கேனோடு ஒரே தட்டில் வேண்டவே வேண்டாம். டீசல் வாடை ஏறிய தண்ணீரை எந்தத் தாகத்திலும் குடிப்பது கஷ்டம்.

வண்டியும் குடிக்கும் என்பதை மறப்பவர்கள் உண்டு. ரேடியேட்டர் குழாய் வெடித்தால் பத்து லிட்டர் அளவுக்குப் போகலாம். 1920களின் கடைசியில் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்கள் ஓட்டிய ரால்ஃப் பேக்னால்ட் இதற்கு அழகான வழி வைத்திருந்தார். ரேடியேட்டர் கொதித்து வெளியேறும் நீராவியை ஒரு குழாய் வழியே பக்கத்தில் கட்டிய தண்ணீர் டின்னுக்குள் விட்டார். அது அங்கே குளிர்ந்து நீரானது. இஞ்சினை நிறுத்தி ஆறவிட்டால், உள்ளே உண்டாகும் வெற்றிடமே அந்த நீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இன்றைய வண்டிகளில் கூலன்ட்டுக்குத் தனி டப்பா இதே வேலையைச் செய்கிறது. அது குழாய் வெடிப்பைத் தடுக்காது, அதனால் வண்டிக்கென்று 10 லிட்டர் தனியாக. இத்தோடு மொத்தம் 116.

ஓட்டத் தொடங்கிய பிறகு எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு மாலையும் மூன்று எண்கள்: கடந்த தூரம், மிஞ்சிய டீசல், மிஞ்சிய தண்ணீர். டீசலின் பக்கத்தில் "இன்னும் எத்தனை கி.மீ.", தண்ணீரின் பக்கத்தில் "இன்னும் எத்தனை நாள்". வீட்டில் இருக்கும் ஒருவரிடமும் இதே எண்களைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்: எந்தத் தடம், எந்த நாளில் பேர்ட்ஸ்வில், எந்த நாள் எத்தனை மணி தாண்டியும் போன் வராவிட்டால் போலீஸைக் கூப்பிட வேண்டும், எத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கிறது. தேடல் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அந்தக் கெடு நேரத்தை, ஐந்தாம் நாள் நண்பகல் என்று வைத்தால் சரியாக இருக்கும்: ஓர் இரவுத் தாமதத்துக்கு இடம் இருக்கும், தண்ணீர் இன்னும் நாலு நாளுக்கு மேல் கையில் இருக்கும்.